ஏழு பெர்ச்

பாரத்தில் என் பெயரைப்
பிரெஞ்சு எழுத்தில் அடித்திருந்தார்கள்.
மருதமுத்து மகள் சிவகாமி
அந்த எழுத்துக்கூட்டில்
வேறு யாரோ ஒருத்தியாய் இருந்தாள்.
அவள் கையெழுத்துப் போட்டால்
எனக்கென்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

விருப்ப ஓய்வு.
வருஷக் கணக்குப் பார்த்துக் கொஞ்சம் ரொக்கம்,
கூடவே ஏழு பெர்ச் நிலம்.
ஏழு பெர்ச் எவ்வளவு என்று கேட்டதற்கு
கோயிலில் ஏழு கறி பரிமாறுகிற இலையைவிடக்
கொஞ்சம் பெரிசு என்றார் கணக்கர்.
சிரித்தோம்.
சிரித்துவிட்டு வரிசையில் நின்றோம்.

முந்தின இரவு அமுர்தம் வந்திருந்தாள்.
ஷெமான் க்ரெனியே முழுக்கக் கரண்ட் இல்லை.
"நீ போடுவியா?"
"மாட்டேன்" என்றேன்.
அது பொய்யில்லை.
இரவு பதினோரு மணிக்கு
அது முழு உண்மை.
அடுத்த வீட்டில் தணல் வாங்கிப் போகிறவள்போல
அதைக் கையால் மறைத்து எடுத்துக்கொண்டு
அவள் தன் வீட்டுக்குப் போனாள்.

காலையில் என்ன நடந்தது?
ஒன்றும் நடக்கவில்லை.
மழை வருகிற மாதிரி இருந்தது.
எனக்குப் பின்னால் அறுபது பேர்
காலை மாற்றி மாற்றி நின்றார்கள்.
கரும்புக் கத்தி பிடித்து வீங்கின வலது மணிக்கட்டு
என்னைக் கேட்காமல் போட்டது.

மகனிடம் சொன்னேன்: உன் படிப்புக்காக.
புருஷனிடம்: முழங்கால்.
காவடி அன்று, சுடுகிற தாரில் நின்று, முருகனிடம்:
நீ சொல்லித்தான்.
யாரும் மறுக்கவில்லை,
முருகன்கூட.
சொல்லாமல் வைத்திருந்தது வேறொன்று:
ஒரு நாள், ஒரே ஒரு நாள்
விடிந்தபிறகு எழுந்திருக்க வேண்டும்.

இன்றைக்கும் மூணு மணிக்கு முழிப்பு வருகிறது.
எழுந்து உட்கார்ந்து
வராத லாரிக்குக் காது கொடுக்கிறேன்.

நிலம் கைக்கு வர ஆறு வருஷம்.
அந்த ஆறு வருஷமும் அமுர்தம் அறுத்தாள்.
இயந்திரம் வந்தது;
தன்னால் ஏற முடியாத சரிவுகளை
அவளுக்கென்று விட்டுவைத்தது.
இடுப்பு போனது. பிறகு ஆலையும் போனது.
கடைசியில் அவளுக்குக் கிடைத்தது
கூடவா குறைவா என்று நான் கணக்குப் பார்த்ததில்லை.

பார்த்தேன். ஒருமுறை.
கரண்ட் பில்லின் பின்பக்கத்தில்.
யார் ஜெயித்தது என்று சொல்லமாட்டேன்.

என் மனை நாற்பத்தொன்று.
போய்ப் பார்த்தால் தெரிந்த வயல்.
முப்பது வருஷம் கல் பொறுக்கிக்
கறுப்புக் குன்றாய்க் குவித்த அதே வயல்.
கடைக்கால் தோண்டினால்
இன்னும் கல்.
"இத்தனை கல்லா" என்றான் கொத்தன்,
நான் வேலையில் ஏமாற்றிவிட்ட மாதிரி.

கடல் பார்த்த சரிவில் இப்போது வில்லாக்கள்.
புதனும் வெள்ளியும் அங்கே தரை துடைக்கிறேன்.
கண்ணாடிச் சுவருக்கு வெளியே
எங்கள் கல் குன்று ஒன்று தெரிகிறது.
சுற்றிப் புல் வளர்த்து
ராத்திரிக்கு விளக்கும் போட்டிருக்கிறார்கள்.

அமுர்தம் கோபித்துக்கொண்டிருந்தால்
நன்றாக இருந்திருக்கும்.
வாரம் தவறாமல் முருங்கைக்கீரை கொடுத்தனுப்புகிறாள்,
இந்த ஊர் வாயில் முரூம்.
ஆய்ந்துகொண்டே இருக்கும்போது
கொத்துக்குள் ஒரு சொல்லாவது
ஒளித்து வைத்திருக்கிறாளா என்று விரல் தேடும்.

பால் காய்ச்சிய அன்றைக்கும் வந்தாள்,
மகள் தோளைப் பிடித்துக்கொண்டு.
பால் பொங்குவதைப் பார்த்தாள்.
சுவரைத் தட்டிப் பார்த்தாள்.
"நாம சோறு தின்ன இடம் எது?" என்றாள்.
காட்டினேன்:
சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில்.
அங்கே போய் நின்று
குதிகாலால் தரையை ஒருதரம் அழுத்தினாள்.

அந்த இரவைப் பற்றிக் கேட்கப்போகிறாள் என்று
தட்டைப் பிடித்தபடி நின்றேன்.

"இங்க இப்ப வெயில் குறைச்சல்" என்றாள்.
பிறகு ஒரு மிளகாய் வடை எடுத்துக்கொண்டாள்.